கண்ணைக் குறி வைக்கும் குழாய்த் துப்பாக்கி

(நமது டிரஸ்ட் சார்பில் நடந்த பெற்றோர் – மாணவர் கூட்டத்தில், குனியமுத்தூரில் கேஸ் வெல்டிங் பட்டறை நடத்திவரும் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை.)



 கடைசி வரிசையில் செல்போனை நோண்டிக்கொண்டிருக்கும் தம்பிகளே! முக்கியமாக உங்களிடம்தான் பேச வந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் போனைப் பாக்கெட்டில் வையுங்கள்.

நான் பேச்சாளன் இல்லை. என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் ஒன்றுதான். கார்பைடு கல்லோடு முப்பது வருஷம் பழகியவன் நான். அந்தக் கல்லைத்தான் இப்போது பையன்கள் விளையாட்டுப் பொருளாக்கி இருக்கிறார்கள். பி.வி.சி. குழாயில் செய்த துப்பாக்கி. அடித்தால் தெருவே அதிரும். ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். இன்னும் சில வாரங்களில் பராஅத் இரவு வருகிறது, அதன் பின்னால் ரமலான். தராவீஹ் முடிந்ததிலிருந்து ஸஹர் வரை நம் தெருக்களில் பையன்கள் தூங்குவதில்லை. அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நிர்வாகிகள் நினைத்தார்கள்.

2025 அக்டோபர் 20 தீபாவளி. மத்தியப் பிரதேசத்தில் போபால், இந்தூர், குவாலியர், ஜபல்பூர் என்று எல்லா ஊரிலும் அந்த வாரம் கண் வார்டு நிரம்பியது. மூன்றே நாளில் 122 குழந்தைகள் கண் காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போய்விட்டது என்று செய்திகள் வந்தன. அடுத்தடுத்த நாட்களில் எண்ணிக்கை இன்னும் ஏறியது. எல்லாவற்றுக்கும் காரணம் இந்தக் கார்பைடு துப்பாக்கி. 150 ரூபாய், 200 ரூபாய்க்குச் சாலையோரத்தில் விற்றிருக்கிறார்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே விற்பனையைத் தடுக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டிருந்தது. உத்தரவு கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் துப்பாக்கி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்காத பையன்களில் சிலர் வீடியோ பார்த்துத் தாங்களே செய்தார்கள்.

குரங்கையும் பறவைகளையும் விரட்ட விவசாயிகள் வைத்திருந்த பொருள்தான் முதலில் இது. நம் பக்கத்துக்காரர்களுக்கு இந்த மாதிரிச் சமாசாரம் புதிதில்லை. காட்டுப் பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் யானையின் வாயைக் கிழித்த செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! ஒன்றுக்கு என்று வைத்தது வேறொன்றைப் பதம் பார்க்கிறது.

சரி, அந்தக் குழாய்க்குள் என்னதான் நடக்கிறது? இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஏனென்றால் "சும்மா சத்தம் மட்டும்தான் அத்தா, இதில் மருந்தே இல்லை" என்றுதான் பையன்கள் வீட்டில் சொல்கிறார்கள். வெடிமருந்து இல்லை என்பது உண்மைதான். அதனால்தான் பெற்றோரும் நம்பிவிடுகிறார்கள்.

கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் கேஸ் வரும். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இப்போது போல சிலிண்டர் எல்லாப் பட்டறையிலும் கிடையாது. தண்ணீர் டிரம்மில் கல்லைப் போட்டு நாங்களே கேஸ் எடுப்போம். அந்த கேஸில் இரும்பே உருகும். சமையல் கேஸ் காற்றில் சுமார் 2 முதல் 10 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் பிடிக்காது. அசிட்டிலீன் அப்படி இல்லை. இரண்டரை சதவீதத்தில் ஆரம்பித்து எண்பது சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் வெடிக்கும். அதற்குப் பெரிய நெருப்பு எல்லாம் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பொறி போதும். கார்பைடு டிரம்மின் மூடியை இரும்பு உளி வைத்துத் தட்டித் திறக்கக் கூடாது, பித்தளைக் கருவிதான் பிடிக்க வேண்டும் என்று என் உஸ்தாத் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார். உளியில் வரும் பொறிக்கே அவ்வளவு பயம். அந்தப் பொருளைத்தான் பத்து வயதுப் பிள்ளை கையில் வைத்துக்கொண்டு கேஸ் லைட்டரைத் தட்டுகிறான்.

பி.வி.சி. குழாய் தண்ணீருக்காகச் செய்தது. கேஸின் அழுத்தத்தைத் தாங்கச் செய்ததில்லை. அழுத்தம் மீறினால் அது இரும்பு போல வளையாது. சில்லு சில்லாகத் தெறிக்கும். பத்து முறை நன்றாக அடித்த குழாய் பதினோராவது முறை கையிலேயே உடையும். ஒவ்வொரு அடியிலும் குழாய் சூடாகிறது, ஒட்டின இடம் விட்டுக்கொண்டே வருகிறது. அது வெளியே தெரியாது.

ஆனால் போபாலில் அதிகம் பேருக்குக் கண் போனது குழாய் உடைந்து மட்டுமில்லை. இதைத் தம்பிகள் கவனமாகக் கேட்க வேண்டும். லைட்டரைத் தட்டுகிறான், வெடிக்கவில்லை. மறுபடி தட்டுகிறான், வெடிக்கவில்லை. என்னாச்சு என்று குழாயைத் திருப்பி உள்ளே பார்க்கிறான். அந்த நேரத்தில் உள்ளே கேஸ் வந்துகொண்டேதான் இருக்கிறது. தண்ணீர் இருக்கிற வரை, கல் இருக்கிற வரை அது நிற்காது. அதை நிறுத்தும் வால்வும் அதில் இல்லை. வெடி முகத்துக்கு நேரே வருகிறது. புஸ்வாணம் பிடிக்கவில்லை என்றால் கிட்டப் போய்ப் பார்க்கும் அதே பழக்கம்தான். பிள்ளைக்கு ஆர்வம் அதிகம் இருந்தால் ஆபத்தும் அதிகம். மந்தமான பையன் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவான். கெட்டிக்காரப் பையன்தான் குனிந்து பார்ப்பான்.

வெறும் நெருப்பு மட்டும் என்றால் இமை கருகும், புருவம் கருகும், பெரும்பாலும் ஆறிவிடும். இதில் வருவது நெருப்போடு சேர்ந்த சுண்ணாம்பு. கல்லிலிருந்து கேஸ் பிரிந்த பிறகு மிச்சம் இருப்பது நீற்றின சுண்ணாம்புதான். என் பட்டறைக்குப் பின்னால் அந்தக் கழிவைக் கொட்டக் குழி வைத்திருந்தோம். சுவருக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வாளியில் வாங்கிப் போவார்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கையில் கொஞ்சம் கூடுதலாக ஒட்டினாலே எரிகிறது இல்லையா? சுண்ணாம்புப் பாக்கெட்டை அமுக்கி விளையாடி, அது கண்ணில் பீய்ச்சிக் கண் போன குழந்தைகள் நம் நாட்டில் நிறைய. அதே சுண்ணாம்பு, வெடியின் வேகத்தில், சூடாக, கண்ணுக்குள் போய் ஒட்டுகிறது.

ஆசிட் பட்டதைவிட இது மோசம் என்று கண் டாக்டர்கள் சொல்வார்கள். ஆசிட் பட்ட இடத்தைப் பொசுக்கிவிடும். அந்தப் பொசுங்கின தோலே ஓரளவு தடுப்பாக நின்றுவிடும். சுண்ணாம்பு காரம். அது நிற்காது, கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். முதல் நாள் பையன் பேசிக்கொண்டிருப்பான், வலி கூடக் குறைந்த மாதிரி இருக்கும். உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும். கருவிழி பால் மாதிரி வெளுத்துப் போகும். கண் தானத்தில் கிடைக்கும் கருவிழியை வைத்தால் சரியாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். கருவிழியின் விளிம்பில் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் செல்கள் உண்டு. காரம் அந்தச் செல்களையும் அழித்துவிட்டால் புதுக் கருவிழி வைத்தாலும் அது நிலைக்காது. முதலில் அந்தச் செல்களுக்கு ஒரு வைத்தியம், பிறகு கருவிழிக்கு ஒரு ஆபரேஷன் என்று வருஷக் கணக்கில் அலைய வேண்டும். அதற்குப் பிறகும் பழைய பார்வை வரும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

ஹஜ்ரத் அவர்கள் முன்னால் நான் மார்க்கம் பேசக் கூடாது. ஆனாலும் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை அவர்களின் அனுமதியோடு சொல்கிறேன். கல்லை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துச் சுண்டி எறிவது ஒரு விளையாட்டு. நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள் என்று அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. காரணத்தையும் நபியவர்களே சொன்னார்கள். அதனால் ஒரு வேட்டையும் கிடைப்பதில்லை, எதிரியும் வீழ்வதில்லை. ஆனால் அது பல்லை உடைக்கும், கண்ணைப் போக்கும் என்றார்கள். இதைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு சின்னக் கல்லுக்கே இப்படி. அதுவும் கண்ணைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஸஹாபி இதைச் சொன்ன பிறகும் ஒருவர் மறுபடி கல் எறிந்தாராம். நபியின் தடையைச் சொல்லியும் எறிகிறாயே, இனி உன்னோடு பேச மாட்டேன் என்று அவர் ஒதுங்கிவிட்டார். விளையாட்டுதானே என்று அவர் விடவில்லை.

இங்கே ஒருவர் கேட்கலாம்: நம் சமூகத்தில் நோன்பு திறக்க வெடி போடுகிற வழக்கம் இருக்கிறதே, பீரங்கியே சுட்டிருக்கிறார்களே என்று. உண்மைதான். கெய்ரோவில் ரமலான் பீரங்கி பெயர் பெற்றது. இந்தோனேசியாவில் பொந்தியானாக் நகரில், காபுவாஸ் ஆற்றங்கரையில், பெரிய மரத்தைக் குடைந்து செய்த பீரங்கியில் இதே கார்பைடைப் போட்டு பெருநாளுக்குச் சுடுகிறார்கள். நம் நாட்டிலேயே, அதே மத்தியப் பிரதேசத்தில், போபாலுக்குப் பக்கத்தில் ராய்சேன் என்ற ஊரில் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மலைமேலிருந்து பீரங்கி சுடுவது நவாபுகள் காலத்திலிருந்து வரும் வழக்கம். ஆனால் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் மாவட்ட நிர்வாகம் அனுமதி கொடுக்கிறது. பழக்கப்பட்ட பெரியவர் ஒருவர்தான் சுடுகிறார். ஊரைவிட்டு உயரத்தில், ஆள் இல்லாத இடத்தில் சுடுகிறார். ரமலான் முடிந்ததும் பீரங்கியைச் சுத்தம் செய்து திருப்பி வைத்துவிடுகிறார்கள். அந்த ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் தெருவில் பிள்ளைகளுக்குக் கண் போனது. இரண்டும் ஒரே சத்தம் போலக் கேட்கலாம். ராய்சேனைக் காட்டி நம் மாடியில் குழாய் வெடிக்க முடியாது. நமக்கு பாங்கு ஒலிபெருக்கியில் கேட்கிறது, கைபேசியில் நேரம் தெரிகிறது.

வேறு சில வெடிகளும் நம் பையன்களிடம் உண்டு. தீக்குச்சி மருந்தும் போல்ட்டும் வைத்துச் செய்வது ஒன்று. அதில் போல்ட் தோட்டா மாதிரிப் போகும், எந்தப் பக்கம் போகும் என்று செய்தவனுக்கே தெரியாது. பொட்டாஷும் கந்தகமும் வைத்து அடிக்கும் கம்பித் துப்பாக்கி இன்னொன்று. கந்தகத்தோடு குளோரேட் உப்பைக் கலப்பது 1939-லிருந்தே இந்தியாவில் தடை. உரசினாலே, தட்டினாலே வெடித்துவிடும் என்பதால் சிவகாசிப் பட்டாசுத் தொழிற்சாலைக்கே அனுமதி இல்லாத கலவை அது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை.

இன்னொரு விஷயம். கசப்பாக இருந்தாலும் வீட்டுக்குள் பேசுகிற மாதிரி பேசிவிடுகிறேன். நாம் கோவையில் இருக்கிறோம். 1998-ஐப் பார்த்தவர்கள் இங்கே பாதிப் பேர் இருக்கிறோம். 2022 அக்டோபரில் உக்கடத்தில் கார் வெடித்த பிறகு நம் தெருக்களில் என்ன நடந்தது என்று இளைஞர்களுக்கும் தெரியும். கோட்டைமேட்டிலோ கரும்புக்கடையிலோ ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பெரிய சத்தம் கேட்டால், அது விளையாட்டா இல்லையா என்று முதலில் யாரும் யோசிக்க மாட்டார்கள். பையன் கையில் குழாயும் ரசாயனமும் இருந்தால், வெடிபொருள் சட்டங்கள் 1884-லிருந்தும் 1908-லிருந்தும் இருக்கின்றன. அது நியாயமா, எல்லாத் தெருவுக்கும் இப்படித்தானா என்று கேட்டால், அது வேறு கூட்டத்தில் பேச வேண்டியது. பிளஸ் டூ படிக்கிற பிள்ளையின் பெயர் ஒரு எஃப்.ஐ.ஆரில் வந்துவிட்டால் பாஸ்போர்ட், வேலை எல்லாவற்றுக்கும் அத்தாதான் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடக்க வேண்டும். ஆனாலும் நான் முதலில் சொல்வது கண்ணைத்தான். கேஸ் ஒரு நாள் முடியும்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது இது. அடுப்பு கேஸ் லைட்டர் அடிக்கடி காணாமல் போகிறதா? மாடியில் பி.வி.சி. துண்டு, எல்போ, மூடி கிடக்கிறதா? தரையில் வெள்ளையாக, காய்ந்த சுண்ணாம்பு மாதிரி திட்டு இருக்கிறதா? பையன் சட்டையில் பூண்டு வாசம் அடிக்கிறதா? கடைகளில் வரும் கார்பைடு சுத்தமானது இல்லை. அதிலிருக்கும் கலப்பால்தான் கேஸில் அந்த வாசம் வரும். பிரியாணி செய்யாத நாளில் பூண்டு வாசம் வந்தால் விசாரியுங்கள்.

இனி, நடந்துவிட்டால் என்ன செய்வது. அல்லாஹ் காக்கட்டும். ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். ஆட்டோ பிடிப்பதற்கு முன்னால், அத்தாவுக்குப் போன் போடுவதற்கு முன்னால் தண்ணீர். முகத்தில், இமையில் காய்ந்த கல், தூள் ஒட்டியிருந்தால் துணியால் தட்டிவிட்டு, உடனே குழாய்க்கு அடியில் தலையைச் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைத் தாராளமாக விட்டுக்கொண்டே இருங்கள். அரை மணி நேரம். பையன் கத்துவான், கண்ணைத் திறக்க மாட்டான். ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணில் மட்டும் பட்டிருந்தால் அந்தக் கண் கீழ்ப் பக்கமாக இருக்கட்டும், கழுவின தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போகக் கூடாது. உக்கடம் மேம்பாலம் வந்த பிறகு இங்கிருந்து சீக்கிரம் போய்விடலாம்தான். ஆனால் கழுவாமல் கிளம்பினால் அந்தப் பதினைந்து நிமிடமும் சுண்ணாம்பு உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். வண்டியில் போகும்போதும் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போங்கள்.

கண்ணைத் தேய்க்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நெய், பன்னீர், எதுவும் விடக் கூடாது. ஜம்ஜம் தண்ணீரை எடுக்க பீரோ சாவியைத் தேடுவார்கள். துஆவோடு குடிக்கக் கொடுங்கள், கண்ணுக்கு அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் குழாய்த் தண்ணீர்தான் ரஹ்மத். மெடிக்கலில் சொட்டு மருந்து கேட்டு நிற்கக் கூடாது. பிளாஸ்டிக் சில்லு கண்ணில் குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது, அழுத்தக் கூடாது. அழுத்தம் படாமல் ஒரு பேப்பர் கப்பால் மூடி அழைத்துப் போங்கள்.

எங்கே போவது? திருச்சி சாலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவிநாசி சாலையில் அரவிந்த், சரவணம்பட்டிப் பக்கம் சங்கரா. 108-ஐக் கூப்பிடுங்கள். கண் வைத்தியத்துக்கு வெளி மாநிலத்திலிருந்தெல்லாம் கோவைக்கு வருகிறார்கள்; நாம் வீட்டில் வைத்துக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று சொல்லக் கூடாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

அங்கே போனதும் உண்மையைச் சொல்லுங்கள். இது ரொம்ப முக்கியம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து "பட்டாசு வெடித்தது", "அடுப்பு பக் என்று பிடித்தது" என்று சொல்வார்கள். கார்பைடு என்று சொன்னால்தான் டாக்டர் காரம் என்று புரிந்துகொண்டு, கண்ணை மறுபடி கழுவி, இமையைத் திருப்பி உள்ளே ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துகளை எடுப்பார். ஒரு துகள் இமைக்கு உள்ளே இருந்துவிட்டால் மருந்து போட்டாலும் அது கரைந்துகொண்டே இருக்கும்.

தம்பிகளே, உங்கள் கை துறுதுறுப்பை நான் குறை சொல்லவில்லை. அந்தத் துறுதுறுப்பு இல்லாவிட்டால் எங்கள் தொழிலுக்கு ஆளே வர மாட்டார்கள். ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊர் இது. அவிநாசி சாலையில் அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு என் பட்டறைக்கு வாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு, இரண்டு இரும்புத் துண்டை எப்படி ஒட்டுவது என்று காட்டுகிறேன். அதையும் வீடியோ எடுத்து ரீல்ஸில் போடலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

கடைசியாக என் தொழில் சகோதரர்களுக்கு. பழைய பட்டறைகளில் சிலரிடம் இன்னும் கார்பைடு டப்பா ஏதாவது மூலையில் கிடக்கும். மாம்பழக் குடோனில் ஒளித்து வைத்திருப்பவர்களும் இருக்கலாம். பழம் பழுக்க வைக்க அது தடை செய்யப்பட்ட பொருள், அவர்களுக்குத் தெரியாததில்லை. பையன் வந்து "மாமா, ரெண்டு கல்லு குடுங்க, ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். அவன் அத்தாவுக்கு அன்றைக்கே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். இனி வேண்டாம் என்று நினைத்தால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள். மழை பெய்தால் அங்கேயே கேஸ் கிளம்பும். வாங்கின டீலரிடம் திருப்பிக் கொடுங்கள். டீலர் யார் என்று நினைவில்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள், நான் எடுத்துச் சொல்கிறேன். அதுவரை மூடியை இறுக்கி, ஈரம் படாத உயரத்தில், பூட்டி வையுங்கள்.